அகல எழுத்துகளின் ஓடை

கேப்டன் அமலன் மச்சாடோவுக்குத் தமிழ் மறந்துவிட்டது என்று டாக்டர் வசந்தகோகிலம் சொன்னபோது, அவர் மனைவி பிலோமினா அதை நம்பவில்லை. முப்பது வருடம் தன்னோடு சண்டை போட்ட வாய் அது. அத்தனை சண்டையும் தமிழில்தான்.

மரியாதைக்குக் கேப்டன் என்று எல்லோரும் அழைத்தாலும், அமலன் தூத்துக்குடி துறைமுகத்தில் பைலட். விமானம் ஓட்டுகிற பைலட் இல்லை. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று கரைக்கு வரும்போது சிறு படகில் போய், கயிற்றேணியில் அதன் மேல் ஏறி, பாறையும் மணல்திட்டும் எங்கே இருக்கிறதென்று அறிந்து உள்ளே கொண்டுவந்து கட்டுகிறவர். ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளைத்தண்டில் அடைப்பு. உயிர் பிழைத்தது, காது கேட்டது, நினைவு இருந்தது. ஆனால் ஒரு விரல் அசையவில்லை. கண்ணிமைகூட அவர் சொல்படி கேட்கவில்லை.

மதுரைக்கு வெளியே இருந்த ஓர் ஆய்வு மருத்துவமனையில் அவருக்கு 'மறுநா' பொருத்தினார்கள். பேச நினைக்கும்போது மூளையில் எழும் அசைவுகளைப் பிடித்து, எழுத்தாக்கித் திரையில் காட்டும் கருவி. நோயாளியின் மூளையை அது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பழகிக்கொள்ளும். அமலனிடம் அது நன்றாகவே பழகியது. மூன்றாவது வாரத்தில் திரையில் முதல் சொற்கள் வந்தன. எல்லாம் ஆங்கிலம்.

பிலோமினா கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள்.

திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு எழுத்துகள் விழுந்தன. ஸ்டாண்ட்பை.

"பெயரையாவது சொல்லுங்க. பிலோமின்னு ஒரு தடவ."

ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பை.

டாக்டர் வசந்தகோகிலம் அவளைத் தன் அறைக்கு அழைத்துப் பொறுமையாக விளக்கினார். "மூளையில தாய்மொழியும் தொழில்மொழியும் ஒரே இடத்துல இருக்கணும்னு இல்லம்மா. இவருக்குத் தாய்மொழி இருந்த பகுதி போயிருக்கு. கப்பல்ல ஆயிரக்கணக்கான தடவை சொன்ன ஆங்கில வாக்கியங்கள் மட்டும் தங்கியிருக்கு. இதுவே பெரிய விஷயம்."

"அப்போ நான்?"

"உங்களை அவருக்குத் தெரியும். சொல்றதுக்குத்தான் மொழி இல்ல."

அந்த வித்தியாசம் பிலோமினாவுக்குப் பிடிபடவில்லை. பெயர் சொல்ல முடியாதவருக்கு ஆளைத் தெரிகிறது என்று எதை வைத்து நம்புவது?

டாக்டர் நேர்மையானவர். கண்டதைக் கட்டுரையாக எழுதினார். இதே கருவி பொருத்தப்பட்ட வேறு நாட்டு நோயாளிகள் சிலரிடமும் இப்படியே நடந்திருப்பதாக அங்கங்கே இருந்த மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். தாய்மொழி அழிகிறது, ஆங்கிலம் நிற்கிறது. செய்தி பத்திரிகைகளுக்குப் போனது. ஒரு மாதத்துக்குள் மதுரையில் ஒரு பள்ளிக்கூடம், 'பக்கவாதத்தாலும் அழிக்க முடியாத மொழியை உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள்' என்று பேனர் கட்டியது. எல்.கே.ஜி. சேர்க்கைக்கு வரிசை நின்றது. எதிர்வீட்டுக்காரி தன் மருமகளிடம், இனிமேல் குழந்தையோடு வீட்டில் தமிழ் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பிலோமினாவின் காதுக்கு வந்தது.

இதற்கிடையில் அமலன் ஒரு கப்பலைக் காப்பாற்றினார்.

கோதுமை ஏற்றிவந்த கப்பல் அது. துறைமுக வாயிலில் திடீரென்று காற்று எழும்பிய நேரத்தில் அதன் இயந்திரம் முக்கி முக்கி நின்றது. மேலே இருந்த இளம் பைலட்டுக்குக் கை ஓடவில்லை. துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்த யாருக்கோ மச்சாடோ நினைவு வந்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டு, அவர் காதருகே வைக்கச் சொல்லி, காற்றின் வேகத்தையும் கப்பல் எந்தத் திசையில் இழுபடுகிறது என்பதையும் சொன்னார்கள். திரையில் ஆங்கிலத்தில் ஆணைகள் வரவர நர்ஸ் உரக்க வாசித்தாள். இடதுபக்க நங்கூரத்தை இறக்கு. இழுவைப் படகு பின்பக்கம் தள்ளட்டும். நிறுத்து. இப்போது மெல்ல முன்னே இழு. ஒரு சொல் கூடுதலில்லை, குறைவில்லை. அலைதடுப்புச் சுவரில் மோத வேண்டிய கப்பல், சுவருக்கு ஒரு பனைமரத் தூரத்தில் தலையைத் திருப்பி உள்ளே வந்தது.

துறைமுக அதிகாரிகள் மாலையோடு வந்தார்கள். சிக்கலான கப்பல் வரும்போதெல்லாம் இனி அவரைக் கேட்போம் என்றார்கள். அசைய முடியாத ஒரு மனிதர் படுக்கையில் இருந்தபடியே மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். பிலோமினா பெருமையோடு அந்த மாலையைக் கட்டிலின் தலைமாட்டில் மாட்டினாள். எல்லோரும் போனபின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவு பெரிய கப்பலுக்கு வழி சொன்னீங்க. எனக்கு ஒரு வார்த்த இல்லயா?" என்றாள்.

சேஞ்ச் சேனல், என்றது திரை.

ஷாஹிதா வந்தது இதற்குப் பிறகுதான். மறுநா நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் மென்பொருள் நிரலாளர். சொந்த ஊர் காயல்பட்டினம். துறைமுகம் கேட்டுக்கொண்டபடி, நினைப்பதற்கும் திரையில் வருவதற்கும் இடையிலுள்ள தாமதத்தைக் குறைக்க அனுப்பியிருந்தார்கள்.

அவள் உள்ளே நுழைந்தபோது திரையில் 'சேஞ்ச் சேனல்' என்று இருந்தது. நர்ஸ் ரிமோட்டை எடுத்து, சுவரிலிருந்த டிவியைச் செய்தியிலிருந்து கிரிக்கெட்டுக்கு மாற்றினாள். அமலன் மறுபடியும் அதையே சொன்னார். நர்ஸ் பாட்டுக்கு மாற்றினாள். மறுபடியும் அதே.

"நாளு முழுக்க இப்பிடித்தான் தங்கச்சி," என்றாள் பிலோமினா. "நான் வாயத் தொறந்தா போதும், சேனல மாத்துங்காக. எங்கூட பேசுறதுக்கு டிவியே தேவலன்னு ஆயிப்போச்சு."

"அவருக்கு என்ன சேனல்க்கா பிடிக்கும்?"

"வீட்ல டிவியே பாக்க மாட்டாக. சத்தம் கேட்டாலே எந்திரிச்சி வாசலுக்குப் போயிருவாக."

ஷாஹிதா மடிக்கணினியைத் திறக்கப் போனவள் நிறுத்தினாள். "அப்போ கப்பல்ல இத எப்பச் சொல்லுவாங்க?"

"ஒயர்லெஸ்ல சொல்லுவாக. நாம பேசுறது அந்தப் பக்கம் போயிச் சேரலன்னா, இரைச்சலா இருந்தா, வேற சேனலுக்கு வாங்கன்னு..."

பிலோமினா வாக்கியத்தை முடிக்கவில்லை. இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள். ஷாஹிதா எழுந்துபோய் டிவியை அணைத்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து தெளிவாகக் கேட்டாள்: "கேப்டன், நீங்க பேசுறது எங்களுக்கு வந்து சேரலயா?"

திரையில் ஆமாம் என்று எழுத்து விழுந்த வேகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அஃபர்மேட்டிவ். அஃபர்மேட்டிவ். சேஞ்ச் சேனல்.

மருத்துவமனை கேன்டீனில் உட்கார்ந்து அன்று பிற்பகல் முழுவதும் அவள் நிரலைப் படித்தாள். பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் சி என்னும் கணினி மொழியில் எழுதப்பட்ட பழைய அடிப்படைப் பகுதி. சரியாக ஓடுவதால் யாரும் திறந்துபார்க்காத பகுதி. டீ ஆறிப்போயிருந்தது. கண்டுபிடித்தபின் அவள் எழுந்து ஓடவில்லை. அந்த வரிகளை முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள்.

டாக்டரின் அறையில் பிலோமினாவையும் வைத்துக்கொண்டு அவள் விளக்கினாள்.

"எழுத்தெல்லாம் திரைக்குப் போறதுக்கு நிரல்ல ஒரு பாதை இருக்கு, டாக்டர். ஸ்ட்ரீம்னு சொல்வோம். ஓடைன்னு வச்சுக்கோங்க. அதத் திறந்ததும் அதுக்குன்னு ஒரு குணம் கிடையாது. முதல்ல அதுல என்ன போகுதோ, அதுதான் அதோட குணத்தத் தீர்மானிக்கும். ஆங்கில எழுத்து ரொம்பச் சின்னது, ஒரு பைட்ல அடங்கிரும். அந்த ஒடுக்க எழுத்து முதல்ல போயிட்டா, ஓடை ஒடுக்கமாயிரும். தமிழ் எழுத்துக்கு இடம் கூட வேணும். அத அகல எழுத்துன்னு சொல்லுவோம். அது முதல்ல போச்சுன்னா ஓடை அகலமாயிரும், எல்லா மொழியும் போகலாம். ஒரு தடவ தீர்மானம் ஆயிட்டா, மூடித் திறக்குற வரைக்கும் மாறாது."

"இவருக்கு முதல்ல என்ன போச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"கருவி ஆன் ஆனதும், 'ரெடி'ன்னு ஆங்கிலத்துல ஒரு வார்த்தை எழுதும். அவர் ஒரு எழுத்து நினைக்கிறதுக்கு முன்னாடியே. இந்த நிரல எழுதினவங்க ஊர்ல எல்லாரும் ஆங்கிலம் பேசுறவங்க. அவங்களுக்கு இது ஒரு நாளும் தெரிஞ்சிருக்காது."

டாக்டர் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, மூடினார். "எழுத முடியலன்னா நிரல் சொல்லியிருக்குமே?"

"சொல்லுச்சு டாக்டர். ஒவ்வொரு எழுத்துக்கும், முடியலன்னு பதில் அனுப்புச்சு. அந்தப் பதில வாங்கிப் பாக்குறதுக்கு நிரல்ல ஒரு வரி எழுதல யாரும்."

"ஆங்கிலத்துலயே அவர் இதச் சொல்லியிருக்கலாமே. 'தமிழ் வரல'ன்னு?"

"சொல்லிச் சொல்லித் தடம் விழுந்த வாக்கியம்தான் கருவிக்குச் சுத்தமா பிடிபடுது. புதுசா ஒண்ணு கட்டப் பார்த்தா கலங்கிப்போயிரும். அவர்கிட்ட இருந்த ஆங்கிலம் ஒயர்லெஸ் ஆங்கிலம். அதுக்குள்ள தேடி, இருக்குறதுலயே சரியான வார்த்தைய எடுத்து நமக்குச் சொல்லிட்டே இருந்திருக்காரு."

மனிதர் மனதில் ஓடுவதை வெளியிலிருந்து எவரும் எட்டிப்பார்க்கக் கூடாது, சேமித்து வைக்கவும் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆகவே தொலைந்த எழுத்துகள் என்னவென்று ஷாஹிதாவால் பார்க்க முடியாது. எத்தனை தொலைகின்றன என்பதை மட்டும் பார்க்கலாம். கருவியை நிறுத்தாமலே அவள் அந்த எண்ணைத் திரையின் ஓரத்தில் தெரியும்படி செய்தாள்.

"அக்கா, இப்பக் கேளுங்க."

பிலோமினா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் போனாள். "என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?"

திரை வெறுமையாகத்தான் இருந்தது. ஓரத்தில் எண் ஓடத் தொடங்கியது. ஓடியது. நிற்கும் என்று பார்த்தார்கள், நிற்கவில்லை. மழை பிடித்த ஓட்டுக்கூரை மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தது. நூறுகள் தாண்டின. பிலோமினா அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இவ்வளவும் என்கிட்டயா பேசுதாக?" என்றாள். "இத்தன நாளும்?"

எண் நின்றது. பிறகு திரையில் ஒரே சொல் வந்தது. ஸ்டாண்ட்பை. பொறுத்திரு என்று அவர் அவளிடம் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓடையை மூடித் திறந்தால் போதும். ஆனால் வெளியே போகும் பாதை மூடினால் கருவியே பாதுகாப்புக்காகத் தன்னை அணைத்துக்கொள்ளும். அணைந்தால், அமலனின் மூளையைப் பற்றி அது கற்றதெல்லாம் அழிந்துவிடும். சேமிக்கக் கூடாதே. மறுபடி முதலிலிருந்து பழகவேண்டும். பொருத்தி இத்தனை மாதம் ஆனதில் மின்முனைகளைச் சுற்றித் தழும்பு கட்டியிருக்கும், இரண்டாம் முறை பழகாமலே போகவும் கூடும் என்றார் டாக்டர். அப்படிப் போனால் இந்தச் சில ஆங்கிலச் சொற்களும் இல்லை. காது மட்டும் கேட்கும் ஓர் உடம்பு.

நிறுவனத்தின் மேலாளர் போனில் ஷாஹிதாவிடம் கத்தினார். "உலகம் முழுக்கப் பேசுற ஒரு கேஸு அது. நல்லா ஓடுறத எதுக்கும்மா கலைக்கிற? அடுத்த தலைமுறைக் கருவியில சரி பண்ணிக்கலாம்." துறைமுகத்திலிருந்து வந்தவர், அடுத்த மாதம் எரிவாயுக் கப்பல்கள் வரப்போவதை நினைவுபடுத்தினார்.

பிலோமினாவும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சிபோச்சு, அது போதும். அவுக பேசுதாக. அந்த நம்பர் ஓடுறதப் பாத்துக்கிட்டே நான் காலத்த ஓட்டிருவேன். கப்பல் வேல போச்சுன்னா அவுக செத்துருவாக."

"அவரக் கேப்போம்," என்றார் டாக்டர்.

ஷாஹிதா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். ஓடை, அணைவு, தழும்பு, எரிவாயுக் கப்பல், மேலாளர் சொன்னது, மனைவி சொன்னது. திரையின் ஓரத்தில் எண் சிறிது ஓடி நின்றது. தமிழில் ஏதோ தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு வந்தது:

மாஸ்டர்ஸ் ஆர்டர். ஸ்டாப் எஞ்ஜின்ஸ்.

டாக்டருக்குப் புரியவில்லை. பிலோமினா அழுதுகொண்டே சிரித்தாள். "பைலட்டு வழிதான் சொல்லலாம் டாக்டரம்மா. உத்தரவு போடுறது கப்பலோட கேப்டன். மாஸ்டர்னு சொல்லுவாக. ஆயுசு பூரா அடுத்தவன் கப்பல்ல நின்னு யோசன சொன்ன மனுசன். இது என் கப்பல், நான்தான் மாஸ்டர், மிசின நிறுத்துங்காக."

டாக்டர் வசந்தகோகிலம் எழுந்து நின்று, அதை நோயாளியின் ஒப்புதலாக ஏற்றுக் கையெழுத்திட்டார். அன்று மாலையே தன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினார். தன் பெயருக்கு அதனால் என்ன ஆகும் என்று அவர் யாரிடமும் பேசவில்லை. மேலாளர் மறுபடி அழைத்தபோது, நோயாளியின் உத்தரவு கையில் இருக்கிறது, வேண்டுமானால் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர்தான் போனை வாங்கிச் சொன்னார்.

ஷாஹிதா அந்த 'ரெடி'யை நீக்கினாள். மொழி தமிழ் என்பதை நிரலில் முதலிலேயே குறித்து, ஓடை திறந்தவுடன் அகலமாகும்படி செய்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் வரும் பதிலை நிரல் கேட்கும்படி வரிகள் எழுதினாள். எண்ணி ஏழெட்டு வரிதான். கருவியை அணைத்தாள். திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

ஒரு வாரம் வரவில்லை. இரண்டு வாரம். மழைக்காலம் தொடங்கியது. எரிவாயுக் கப்பல்கள் வந்து, வேறு யாரோ வழிகாட்ட, பத்திரமாகவே போய்விட்டன. ஷாஹிதா சென்னைக்குத் திரும்பாமல், விடுப்பு தீர்ந்தபின்னும் தங்கியிருந்தாள். பயிற்சிக்காக ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் காட்டுவார்கள். அமலன் அதை மனதால் சொல்லவேண்டும். சொல்கிறாரா, தூங்குகிறாரா, மனம் விட்டுவிட்டாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஓரத்தில் எண்கூட ஓடவில்லை. பிலோமினா மட்டும் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தாள். மீன் என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம், பாதிரியார் பிரசங்கத்தில் என்ன உளறினார். பதில் வராத இடத்தில் சற்று நிறுத்தி, பதில் வந்ததுபோலத் தொடர்வாள்.

அவர் களைத்துப்போவதை நாடித்துடிப்பு காட்டியது. பயிற்சியைக் குறைக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் நிறுத்தினால் துடிப்பு ஏறியது, தொடங்கினால் இறங்கியது. "நிறுத்துனா அவருக்குப் பொறுக்கல. நம்மள விட வேகமா வேல செய்யுறாரு," என்றாள் ஷாஹிதா. அப்படி ஒரு பிடிவாதத்தை அவள் எவரிடமும் கண்டதில்லை. அசைவில்லாத முகத்தோடு, நன்றி சொல்லவோ திட்டவோ வழியில்லாமல், இருட்டுக்குள் இருந்து ஒரு மனிதர் நாள் முழுதும் அ, ஆ, இ, ஈ என்று தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு முற்பகலில் திரையில் 'ஏ' என்ற ஓர் எழுத்து வந்தது. அழிந்தது. மறுபடி வந்தது. பிலோமினா சோப்பு நுரையோடு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஷாஹிதா அவள் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

'ஏ பிலோமி, என் மீசய எவன் எடுத்தான்?'

பிலோமினா வாளியைத் தட்டிவிட்டாள். "டியூப் போடணும்னு எடுத்தாக! வளந்துரும், வளந்துரும்," என்று சொல்லிச் சொல்லி அவர் மேலுதட்டைத் தடவினாள்.

அதன்பின் அவர் பேசினார். கலங்கியும் தட்டுத் தடுமாறியும் பேசினார். ஆனால் இம்முறை தமிழ் எழுத்தில் பழகிய கருவிக்கு ஆங்கிலம் முன்புபோல் பிடிபடவில்லை. பழைய ஆணைகள் பாதியில் உடைந்தன, தமிழில் சொன்னாலும் கப்பலுக்கு வேண்டிய வேகம் இல்லை. துறைமுகத்திலிருந்து ஒருநாள் சோதித்துப் பார்த்துவிட்டு, நாகரிகமாக விடைபெற்றார்கள். அமலன் அன்று முழுதும் பேசவில்லை. அது சும்மா இருந்த மௌனமில்லை, இழப்பு அது. பிலோமினாவும் அதைச் சமாதானப்படுத்த முயலவில்லை.

மறுநாள் அவர் ஷாஹிதாவை அழைத்தார்.

'தாயி, இந்த மிசினு வேற யாருக்கெல்லாம் வச்சிருக்காக?'

அவள் அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். நிறுவனம் அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது. மற்ற மருத்துவமனைகளுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலில்லை. ஒரே ஒருவர் மட்டும் பதில் எழுதியிருந்தார். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஓர் இளம் மருத்துவர். அங்கே அல்மாஸ் என்று ஒரு பெண்மணி, விமானப் பணிப்பெண்ணாக இருந்து ஓய்வு பெற்றவர். தாய்மொழியான அம்ஹாரிக்கை முற்றிலும் இழந்துவிட்டார், ஆங்கிலத்தில் சில மரியாதைச் சொற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்று அங்குள்ள மருத்துவர்கள் குறித்திருந்தார்கள். இயந்திரத்தனமாக அவற்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறாராம்.

'லைன் போடு.'

"நீங்க என்ன பேசுவீங்க கேப்டன்? உங்க ஆங்கிலம்..."

'தமிழ்ல சொல்லுதேன். நீ மாத்திச் சொல்லு.'

காணொளி அழைப்பில் அந்த அறை தெரிந்தது. வெள்ளைப் போர்வைக்குள் ஒரு மெலிந்த பெண்மணி, பக்கத்தில் சலித்த முகத்தோடு அவர் மகள் ஹிருத், பின்னால் அந்த மருத்துவர். அமலனின் எழுத்துகள் திரையில் விழவிழ ஷாஹிதா ஆங்கிலத்தில் சொன்னாள்.

'அம்மா, எனக்கும் உங்கள மாதிரிதான். நீங்க உங்க பாசையில பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்க. மிசினு அத வெளிய விடல. இது எனக்குத் தெரியும், இவங்களுக்கு இப்பத்தான் தெரியும். நான் சொல்லுறது சரின்னா, உங்ககிட்ட இருக்க வார்த்தையில எதாவது ஒண்ணு சொல்லுங்க.'

ஹிருத் நிமிர்ந்தாள். அங்கிருந்த திரையில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, மாதக்கணக்கில் எல்லோரும் பார்த்துப் பழகி, இனி வாசிக்கவும் தேவையில்லை என்று விட்டுவிட்ட ஓர் ஆங்கில வரி மெதுவாக வந்தது.

பொறுமையுடன் காத்திருந்ததற்கு நன்றி.